கப்பலில் பால்கனியா, பாட்டி அறைக்கு ஓர் உள்கதவா?

கேள்வி: மதுரை விளக்குத்தூண் அருகே ரெடிமேட் துணிக்கடை நடத்துகிறேன். சித்திரைத் திருவிழா வியாபாரம் முடிந்த பிறகு, மே மூன்றாம் வாரத்தில், சிங்கப்பூரிலிருந்து புறப்படும் நான்கு இரவு சொகுசுக் கப்பலில் குடும்பத்துடன் போக விரும்புகிறேன். நான், மனைவி, 63 வயது அம்மா, 6 வயது மகன், பயணத்தின்போது 1 வயது 10 மாதம் ஆகியிருக்கும் மகள் என ஐந்து பேர். எங்கள் நால்வருக்கும் பால்கனி அறை ஒன்று, அம்மாவுக்கு ஜன்னல் இல்லாத உள் அறை ஒன்று என்று ஏஜென்ட் விலை கொடுத்திருக்கிறார். கப்பலுக்கு 2,95,000 ரூபாய், விமானத்துக்கும் ஒரு நாள் ஓட்டலுக்கும் 1,10,000 ரூபாய். முன்பணம் 30,000 கையில் இருக்கிறது. ஜனவரி முதல் மாதம் 15,000 சேமிக்க முடியும். 3 லட்ச ரூபாய் ஏலச்சீட்டு மார்ச்சில் முடிகிறது, நான் இன்னும் எடுக்கவில்லை. ஆனால் முழுப் பணத்தையும் மார்ச் 6-க்குள் கட்டவேண்டும் என்கிறார்கள். ஏஜென்ட் வட்டியில்லா இ.எம்.ஐ. போட்டுத் தருவதாகச் சொல்கிறார். அவசரத்துக்கென 4 லட்சம் எஃப்.டி. இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் பணம் புரட்டுவதைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஏஜென்ட் அனுப்பிய விலைப்பட்டியலைப் படித்தபோது, பிரச்சினை பணத்தைவிட முன்னால், யார் எந்த அறையில் படுப்பது என்ற இடத்திலேயே தொடங்கிவிட்டது என்று தோன்றியது. அதைச் சரிசெய்தால் கடன் வாங்கவேண்டிய தேவையே பெரும்பாலும் மறைந்துவிடும்.

கப்பல் நிறுவனங்கள் அறைக்கு விலை வைப்பதில்லை, ஆளுக்கு வைக்கின்றன. அந்த ஆள் விலையும் ஓர் அறையில் இருவர் தங்குவார்கள் என்று வைத்துக்கொண்டு போடப்படுவது. அதே அறையில் மூன்றாவதாகவும் நான்காவதாகவும் வருபவர்களுக்கு விலை குறையும். ஒருவர் மட்டும் தனியாகத் தங்கினால், காலியாகக் கிடக்கும் இரண்டாவது படுக்கைக்கும் சேர்த்து அவரே கட்டவேண்டும். உங்கள் பட்டியலில் பால்கனி அறைக்கு முதல் இருவருக்குத் தலா 52,000 ரூபாயும், மூன்றாவது, நான்காவது நபருக்குத் தலா 24,000 ரூபாயும் போட்டிருக்கிறார்கள். உள் அறைக்குத் தலா 34,000 ரூபாய். உங்கள் அம்மா தனியாகத் தங்குவதால் அவருடைய கட்டணம் 68,000 ரூபாயாக நிற்கிறது. துறைமுக வரிகள் ஆளுக்கு 9,000, சேவைக் கட்டணம் நான்கு இரவுக்கு ஆளுக்கு 6,000. இவை இரண்டும் கைக்குழந்தைக்கும் சேர்த்தே போடப்பட்டிருக்கின்றன.

இப்போது உங்கள் மகனைப் பாட்டியின் அறைக்கு மாற்றிப் பாருங்கள். அங்கே இரண்டாவது படுக்கைக்கு ஏற்கெனவே பணம் கட்டியாகிவிட்டது. ஆகவே அவன் போவதால் அந்த அறையின் கட்டணம் ஒரு ரூபாய்கூட ஏறாது. பால்கனி அறையில் அவனுக்காகப் போட்ட 24,000 ரூபாய் அப்படியே கழிந்துவிடும். அதாவது 2,95,000 என்பது 2,71,000 ஆகிறது. இதை ஏஜென்ட் சொல்லியிருக்க வேண்டும். அவருக்குக் கமிஷன் பெரும்பாலும் கட்டணத்தைப் பொறுத்தே வருகிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டால், சொல்லாததில் வியப்பில்லை.

ஆறு வயதுப் பையன் பாட்டியோடு தனி அறையில் படுப்பானா என்பதை நீங்கள்தான் அறிவீர்கள். ஆனால் பதிவேட்டில் உள்ள பெயர்களும் இரவில் படுக்கும் ஆட்களும் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. ஒவ்வோர் அறையிலும் பெரியவர் ஒருவராவது பதிவாகியிருக்க வேண்டும் என்பதுதான் நிறுவனங்கள் கவனிப்பது. கப்பலில் ஏறிய பிறகு வரவேற்பு மேசையில் கேட்டு, இரண்டு அறைகளுக்கும் கூடுதல் சாவி அட்டை வாங்கிக்கொள்ளும் குடும்பங்கள் ஏராளம். தேவைப்பட்டால் நீங்கள் பையனோடும், உங்கள் மனைவியும் அம்மாவும் குழந்தையோடும் தங்கலாம்.

நான் பரிந்துரைப்பது இதற்கு அடுத்த படி: பால்கனியை விட்டுவிட்டு, உட்கதவால் இணைந்த இரண்டு உள் அறைகளை எடுங்கள். ஓர் அறையில் நீங்கள் இருவரும் மகளும். மூன்றாவது நபருக்கு உங்கள் பட்டியல்படி 18,000 ரூபாய், ஆக 86,000. மற்றோர் அறையில் அம்மாவும் மகனும், 68,000. வரியும் சேவைக் கட்டணமும் ஐந்து பேருக்கு 75,000. மொத்தம் 2,29,000 ரூபாய். முதல் விலைக்கும் இதற்கும் வித்தியாசம் 66,000 ரூபாய். கடல் தெரியும் ஜன்னல் அறைகளாக இணைத்து எடுத்தால், தலா 40,000, மூன்றாவது நபருக்கு 20,000 என்ற கணக்கில் 2,55,000 வருகிறது, அதுவும் மோசமில்லை.

பால்கனியை நான் வீண் ஆடம்பரம் என்று தள்ளவில்லை. சிறு குழந்தை உள்ள வீட்டுக்கு அதில் ஒரு நியாயம் உண்டு. கப்பலில் உள்ள சிறுவர் மன்றங்கள் பெரும்பாலும் 3 வயது நிறைந்து, டயப்பர் விட்ட பிள்ளைகளைத்தான் சேர்த்துக்கொள்கின்றன. டயப்பர் அணிந்த குழந்தைகளைப் பொது நீச்சல் குளத்திலும் விடுவதில்லை. ஆகவே உங்கள் மகள் மதியம் தூங்கும் இரண்டு மணி நேரம் ஒருவர் அறையில் அடைந்து கிடந்தே ஆகவேண்டும். பால்கனி இருந்தால் கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்காரலாம். ஆனால் அதே வேலையை உட்கதவு இன்னும் நன்றாகச் செய்யும்: குழந்தை ஓர் அறையில் தூங்க, மற்றவர்கள் அடுத்த அறையில் விளக்குப் போட்டுப் பேசிக்கொண்டிருக்கலாம். எதன் மேலாவது ஏறத் தெரிந்த, சொன்னதைக் கேட்கத் தெரியாத வயதுக் குழந்தையோடு நான்கு நாளும் பால்கனித் தாழ்ப்பாளையும் அங்கே கிடக்கும் நாற்காலியையும் கண்காணிக்கவேண்டியதில்லை என்பது கூடுதல் நிம்மதி.

நால்வர் அறை என்று விற்கப்படுவது எப்படி இருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உள் அறை என்பது குளியலறையும் சேர்த்துப் பெரும்பாலும் 150 முதல் 180 சதுர அடிதான். பால்கனி அறை சற்றே பெரிது. பகலில் இரண்டு படுக்கைகள் மட்டும் தெரியும். இரவானதும் மூன்றாவது படுக்கை மேற்கூரையிலிருந்து மடிப்பு விரிந்து இறங்கும், நான்காவது சோபாவிலிருந்து வெளியே வரும். அதற்கு நடுவில் குழந்தைத் தொட்டிலையும் போட்டால் தரையே மிஞ்சாது. நள்ளிரவில் குளியலறைக்குப் போகிறவர் ஒரு படுக்கையின் கால்மாட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். தொட்டிலுக்குப் பொதுவாகத் தனிக் கட்டணம் இல்லை. ஆனால் கப்பலில் சில தொட்டில்களே இருப்பதால் முன்பதிவின்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும்.

குழந்தைதானே, மடியில் வைத்துக்கொள்கிறோம் என்று விமானத்தில் சொல்வதைப்போல் கப்பலில் சொல்ல முடியாது. விமானத்தில் திரும்பி வரும் நாள் வரை 2 வயது நிறையாத குழந்தைக்குத் தனி இருக்கை வாங்கவேண்டியதில்லை, உங்கள் மகளுக்கு அது பொருந்தும். கப்பலிலோ பிறந்து ஆறு மாதமே ஆன குழந்தையும் ஒரு முழுத் தலை. டைட்டானிக் 1912-இல் மூழ்கியதைத் தொடர்ந்து 1914-இல் உருவான சோலாஸ் என்னும் கடல் பாதுகாப்பு உடன்படிக்கையின் வழியில், உயிர்காப்புப் படகுகளின் கொள்ளளவைத் தாண்டி ஓர் ஆளைக்கூட ஏற்ற முடியாது. படகுகள் கப்பலின் பகுதி வாரியாக ஒதுக்கப்படுவதால், சில நேரங்களில் மூவர், நால்வர் தங்கும் அறைகள் காலியாக இருந்தாலும் அந்தப் பகுதியில் மேலும் ஆள் சேர்க்க மறுத்துவிடுவார்கள். பள்ளி விடுமுறைக் காலத்தில் குடும்ப அறைகள் முதலில் தீர்ந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வியில் நீங்கள் குறிப்பிடாமல், இணைப்பில் மட்டும் இருந்த ஒரு வரியும் என் கண்ணில் பட்டது: அறை எண்ணைக் கப்பல் நிறுவனமே பிறகு முடிவு செய்ய ஒப்புக்கொண்டால் 12,000 ரூபாய் குறையும் என்பது. திருமணமாகாத இரண்டு நண்பர்கள் போனால் நானே அதை எடுக்கச் சொல்வேன். உங்களுக்கு வேண்டாம். அந்த முறையில் உங்கள் அறை ஆறாவது தளத்திலும் அம்மாவின் அறை ஒன்பதாவது தளத்திலும் அமைய முழு வாய்ப்பு உண்டு, பிறகு மாற்றிக் கேட்க உரிமையும் இல்லை. அதேபோல், ‘பக்கத்துப் பக்கத்து அறை’ என்று ஏஜென்ட் வாயால் சொல்வதை ஏற்காதீர்கள். சுவர் ஒட்டிய அறைகள் வேறு, நடுவில் கதவுள்ள அறைகள் வேறு. கப்பலின் தள வரைபடத்தில் இணைப்பு அறைகளுக்கு நடுவே சிறு குறி போட்டிருப்பார்கள். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில், லிஃப்டுக்கு அதிகத் தூரம் இல்லாத அறைகளாகத் தேர்ந்தெடுத்தால் ஆட்டமும் குறைவு, உங்கள் அம்மா நடக்கும் தூரமும் குறைவு. நீச்சல் குளத்துக்கு நேர் கீழேயோ, இரவு நிகழ்ச்சி அரங்குக்கு நேர் மேலேயோ வேண்டாம்.

இனிப் பணம். உள் அறைகளோடு மொத்தச் செலவு 3,39,000 ரூபாய். சீட்டில் 5 சதவீதக் கமிஷன் போக உங்கள் கைக்கு 2,85,000 வரும். கையிருப்பு 30,000, ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான சேமிப்பு 60,000. ஆக 3,75,000 ரூபாய். பயணச் செலவு போக 36,000 மிஞ்சும். காப்பீடு, விசா, கரையிறங்கிச் சுற்றும் செலவு எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். முதல் விலையான 4,05,000-ஐ எடுத்திருந்தால் 30,000 பற்றாக்குறை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் இ.எம்.ஐ. வந்து நிற்கிறது.

வட்டியில்லா இ.எம்.ஐ. என்பதில் வட்டி இல்லாமல் இல்லை. வங்கி வட்டி வசூலிக்கிறது, விற்பவர் அதற்குச் சமமான தொகையைத் தள்ளுபடியாகக் காட்டுகிறார். இ.எம்.ஐ. இல்லாமல் மொத்தமாக ரொக்கம் கட்டினால் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் குறைத்துத் தருவார்கள். வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் செயலாக்கக் கட்டணமும் உங்கள் தலையில்தான் விழும். அதைவிட முக்கியம், ஜூன் தொடங்கினால் பள்ளிச் சீருடை, அடுத்து ஆடிக் கொள்முதல் என்று உங்கள் கடைக்குப் பணம் தேவைப்படும் மாதங்களில் இந்தத் தவணை குறுக்கே நிற்கும்.

மார்ச் 6-க்கும் சீட்டுப் பணம் வரும் நாளுக்கும் இடையே உள்ள இடைவெளி சுமார் 20 நாள். அதற்காகப் பிப்ரவரியிலேயே தள்ளி ஏலம் கேட்டுச் சீட்டை எடுக்கவேண்டாம். கடைசியில் இருவரே மிஞ்சியிருந்தாலும் போட்டி வந்தால் 6,000 ரூபாய் போவது சாதாரணம். எஃப்.டி.யை உடைக்கவும் வேண்டாம். அதே எஃப்.டி.யின் மேல் வங்கியில் கடன் பெறலாம்; வைப்பு வட்டியைவிட 1 அல்லது 2 சதவீதம் கூடுதலாக இருக்கும். மார்ச் 6 வரையிலான சேமிப்பு போக உங்களுக்குத் தேவைப்படுவது சுமார் 2,80,000. ஆண்டுக்கு 8.5 சதவீதம் என்று கொண்டால் 20 நாளுக்கு வட்டி ஏறக்குறைய 1,300 ரூபாய். சீட்டுப் பணம் வந்த அன்றே அடைத்துவிடுங்கள். ஆடிக்குக் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம் என்று நிறுத்திவைத்தால் அவசர நிதி என்பது பெயருக்கு மட்டும்தான் இருக்கும்.

வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை இந்திய ஏஜென்ட் வழியாக வாங்கும்போது டி.சி.எஸ். (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். முன்பு 10 லட்சம் வரை 5 சதவீதமும் அதற்கு மேல் 20 சதவீதமுமாக இருந்ததை 2026 பட்ஜெட்டில் வரம்பில்லாமல் 2 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். 2026 ஏப்ரல் 1 முதல் அதுவே நடைமுறை. உங்களுக்கு 6,780 ரூபாய். இது செலவல்ல, உங்கள் பான் எண்ணில் வரவாகி, வருமான வரிக் கணக்குத் தாக்கலின்போது கழிந்துகொள்ளும். ஆனால் பில் உங்கள் பெயரில் இருக்கவேண்டும். கணக்குத் தாக்கல் செய்யாத அம்மாவின் பெயரில் போட்டால் திரும்பப் பெறுவது தேவையற்ற அலைச்சல்.

காப்பீட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். உள்ளூர் மெடிக்கிளைம் பெரும்பாலும் வெளிநாட்டில் செல்லாது. கப்பல் மருத்துவரின் கட்டணம் நேராக அறைக் கணக்கில் ஏறிவிடும். அம்மாவுக்கு ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதி, கப்பல் பயணமும் கரைக்குக் கொண்டுவரும் அவசர மருத்துவப் போக்குவரத்தும் அடங்கிய பாலிசியாக வாங்குங்கள்.

செலவே யோசனையாக இருந்தால், சென்னைத் துறைமுகத்திலிருந்தும் 2022 ஜூன் முதல் சில பருவங்களில் கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் புறப்படுகிறது. பாண்டியன் எக்ஸ்பிரஸில் எழும்பூர் போய் இறங்கினால் விமானச் செலவே இல்லை. ஆனால் உங்கள் மே மாதத் தேதிக்கு அது பொருந்துகிறதா என்று பார்க்கவேண்டும்.

மகளுக்கு இன்னும் பாஸ்போர்ட் எடுக்கவில்லை என்றால் அதை முதலில் செய்யுங்கள். சிறுவர்களுக்கான 1,000 ரூபாய்க் கட்டணத்தில் 8 வயதுக்குட்பட்டோருக்கு 10 சதவீதம் குறைவு. மதுரையிலேயே மண்டல அலுவலகம் இருக்கிறது. நம் ஊரில் இனிஷியலை ஒரு சான்றிதழில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் போட்டு, மூன்றாவதில் விரித்தும் எழுதிவிடுகிறோம். கப்பல், விமானம், விசா மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து அப்படியே வரவேண்டும். மலேசியாவோ தாய்லாந்தோ தொட்டுச் சிங்கப்பூர் திரும்பும் பயணமானால், பலமுறை நுழையும் விசாவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஏஜென்டுக்கு ஒரு மின்னஞ்சல் போதும்: இரண்டு அறை எண்கள், நடுவில் கதவு உண்டு என்ற உறுதி, அம்மா அறையில் மகனின் பெயர், தொட்டில், ரத்து செய்தால் எந்தத் தேதிக்குள் எவ்வளவு பிடிப்பார்கள் என்ற விவரம். பதில் எழுத்தில் வந்த பிறகு 30,000 ரூபாயை அனுப்புங்கள்.