பழைய பெட்ரோல் டிராக்டரும் பாசிட்டிவ் எர்த்தும்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஃபோர்டு 8என் டிராக்டர் ஒன்று வாங்கினேன். பேட்டரியின் பாசிட்டிவ் பாடியில் இருக்கிறது. முன்பு வைத்திருந்தவர் தப்பாக மாட்டிவிட்டாரா?

பதில்: இல்லை தம்பி. 1947 முதல் 1952 வரை வந்த 8என் எல்லாமே 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு சேரும். கார் பழக்கத்தில் திருப்பிப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: என் ஃபெர்குசன் டிஇ20 டிராக்டரில் அப்படித் திருப்பித்தான் போட்டேன். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறதே?

பதில்: செல்ஃப் மோட்டாரை நம்பாதீர்கள், எப்படிக் கொடுத்தாலும் அது ஒரே பக்கம்தான் சுற்றும். அடிபடுவது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோ. அதன் இரும்பில் மிச்சமிருக்கும் காந்தம் பழைய திசையிலேயே இருக்கும். டைனமோவைப் பேட்டரியோடு சேர்க்கும் சுவிட்சான கட்-அவுட் மூடியதும் பேட்டரியும் டைனமோவும் மோதிக்கொண்டு அதன் பாயிண்ட் கருகும். பேட்டரியைச் சரியாக மாட்டுங்கள். காந்தம் சரியான திசையில் இருக்க, டைனமோவின் இரண்டு ஒயரையும் கழற்றி, பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு ஒயரை எடுத்து டைனமோவின் எஃப் (ஃபீல்டு) முனையில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். கழற்றிய ஒயர்களை மறுபடி மாட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யலாம்.

கேள்வி: பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காயிலைப் புதிதாகப் போட்டேன். வண்டி ஓடுகிறது, ஆனால் கலப்பையை இறக்கினால் திக்குகிறது.

பதில்: காயில் ஒயர் மாறியிருக்கலாம். பாசிட்டிவ் எர்த் வண்டியில் காயிலின் மைனஸ் சாவிப் பக்கம், பிளஸ் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம். பிளக்கின் நடு முனைதான் சூடேறி நிற்கும். சூடான முனையிலிருந்து பொறி கிளம்புவது சுலபம். மாற்றி மாட்டினால் சூடு குறைந்த முனையிலிருந்து பொறி கிளம்ப வேண்டும், அதற்குக் கூடுதல் வோல்ட் தேவைப்படும், லோடு ஏறும்போது அது தெரிந்துவிடும்.

மீட்டர் வேண்டாம், ஒரு பென்சில் போதும். பிளக் ஒயரைக் கழற்றி, ரப்பர் பிடி போட்ட குறடால் பிடித்து, பிளக்குக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். இடையில் பென்சில் கூரை நீட்டுங்கள். செம்மஞ்சள் சுடர் பிளக் பக்கம் விரிந்தால் சரி. ஒயர் பக்கம் விரிந்தால் காயிலின் இரண்டு சிறு ஒயரையும் இடம் மாற்றுங்கள். கையால் ஒயரைப் பிடிக்காதீர்கள், நான் பிடித்து ஷாக் வாங்கியிருக்கிறேன்!

கேள்வி: கண்டென்சரையும் திருப்பணுமா?

பதில்: வேண்டாம். அதற்குப் பிளஸ் மைனஸ் கிடையாது.

கேள்வி: பேட்டரி புதுசு, செல்ஃப் முனகுகிறது.

பதில்: பெயிண்ட் அடித்தீர்களா? அழகாகப் பெயிண்ட் அடித்த வண்டியில்தான் இது அதிகம். எர்த் பட்டை உட்காரும் இடத்தை இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டுங்கள். செல்ஃப் சுற்றும்போது பேட்டரி பிளஸ் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே மீட்டர் அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தில்தான் கோளாறு. அதே வேலைக்கு 6 வோல்ட்டில் இரண்டு மடங்கு கரண்ட் ஓடும். 12 வோல்ட் காரின் மெல்லிய கேபிள் இதற்கு ஆகாது.

கேள்வி: பேசாமல் 12 வோல்ட் ஆல்டர்னேட்டர் போட்டுவிடட்டுமா?

பதில்: போடலாம். சாதாரண ஆல்டர்னேட்டர் நெகட்டிவ் எர்த், முதலில் பேட்டரியைத் திருப்புங்கள். மறந்தால் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடு அந்த நொடியே போய்விடும். 12 வோல்ட்டுக்கு ஏற்ற காயில் போட்டு, அதன் ஒயரையும் திருப்பிவிட்டு, மறுபடி பென்சிலை எடுங்கள்.