கோப்பு எந்தெந்தக் கைக்குப் போகிறது?

பதிப்பகங்களின் தகவல் பாதுகாப்பு பற்றி வந்த கடிதங்கள் இந்த முறை. பதில் எழுதுபவர் சென்னையில் ஒரு டைப்செட்டிங் நிறுவனத்தில் 16 வருடம் பாதுகாப்புத் தணிக்கைப் பிரிவில் இருந்தவர்.

கேள்வி: மேடம், கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். நான் எழுதிய பாடப்புத்தகத்தை வெளியிட இரண்டு வெளிநாட்டுப் பதிப்பகங்கள் கேட்கின்றன. நிறுவனங்களின் சைபர் பாதுகாப்புக்கு மதிப்பெண் போடும் தளம் ஒன்றில் பார்த்தேன். சின்னப் பதிப்பகத்துக்கு ‘ஏ’, பெரியதற்கு ‘சி’. கணக்குகளுக்கான விடைக் கையேட்டையும் சேர்த்துத் தரவேண்டும் என்பதால் பயமாக இருக்கிறது. மதிப்பெண்ணை நம்பி முடிவெடுக்கலாமா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். செக்யூரிட்டிஸ்கோர்கார்டு என்ற நிறுவனம் ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை கிரேடு போடுகிறது. பிட்சைட் என்ற இன்னொன்று 250 முதல் 900 வரையிலான அளவில் எண் தருகிறது. இரண்டுமே பெரும்பாலும் வாசலில் நின்று பார்த்துச் சொல்பவை. இணையதளத்தின் சான்றிதழ் காலாவதியாகிவிட்டதா, பழைய மென்பொருள் ஓடுகிறதா, தேவையில்லாத போர்ட் (இணையத்திலிருந்து சர்வருக்குள் வரும் வழி) திறந்து கிடக்கிறதா, அந்த நிறுவனத்தின் முகவரியிலிருந்து வருவதுபோல வேறு யாரோ மெயில் அனுப்பினால் தடுக்க டிமார்க் பதிவு இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். இவை தேவையான சோதனைகள்தான். ஆனால் வாசலில் நின்றால் பூட்டு தெரியும், பின்கட்டுச் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்று தெரியாது.

பெரிய பதிப்பகம் ‘சி’ வாங்குவதற்கு ஒரு சாதாரணக் காரணம் உண்டு. அது பல வருடங்களாகச் சின்னச் சின்னப் பதிப்பகங்களை விலைக்கு வாங்கிக்கொண்டே வந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பழைய தளம் இருக்கும். எப்போதோ ஒரு நாவல் வெளியீட்டுக்காகத் தொடங்கி மூடாமல் விட்ட விளம்பரப் பக்கமும் இருக்கும். அத்தனையும் கணக்கில் ஏறும். சின்னப் பதிப்பகத்துக்கு ஒரே ஒரு தளம், மெயிலை கூகுள் பார்த்துக்கொள்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும்.

உங்கள் கோப்பு அந்தத் தளத்திலா உட்கார்ந்திருக்கப் போகிறது? ஒப்பந்தம் லண்டனில் போடுவார்கள். காப்பி எடிட்டிங், பக்க வடிவமைப்பு எல்லாம் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ வர நிறைய வாய்ப்பு இருக்கிறது. ஆங்கிலக் கல்விப் புத்தகங்களும் ஆய்விதழ்களும் ஏராளமாக இங்கேதான் பக்கமாகின்றன. அப்புறம் பொருளடைவு தயாரிக்கும் ஒரு ஃப்ரீலான்சர், கடைசியாக அச்சகம். நான் இருந்தது அந்த நடு இடத்தில்.

வெளிநாட்டுப் பதிப்பகம் எங்களுக்கு வேலை தருவதற்கு முன்னால் ஒரு எக்செல் கேள்விப்பட்டியல் அனுப்பும். 200 வரிக்கு மேல் இருக்கும். ஆம், இல்லை, விளக்கம் என்று மூன்று கட்டங்கள். “வேலையை விட்டுப் போனவரின் அணுகல் 24 மணி நேரத்தில் நீக்கப்படுகிறதா?” என்று ஒரு வரி. ‘ஆம்’ என்று போட்டேன். வருடா வருடம் போட்டேன். ஒரு தடவை பதிப்பகத்திலிருந்து ஓர் அம்மையார் நேரில் தணிக்கைக்கு வந்தார். எச்.ஆரிடம் கடைசி ஆறு மாதத்தில் விலகியவர்கள் பட்டியலை வாங்கினார், பென்சிலால் பத்துப் பெயர்களுக்குப் பக்கத்தில் கோடு போட்டார், “இவர்களை எஃப்டிபி சர்வரில் ஒவ்வொருவராகத் தேடிக் காட்டுங்கள்” என்றார். பதிப்பகங்களும் நாங்களும் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ளும் சர்வர் அது. முதல் ஆறு பேர் அதில் இல்லை. ஏழாவது பெயர் இருந்தது. விலகி நான்கு மாதம் ஆனவர். அவருடைய கடவுச்சொல் அப்படியே வேலை செய்தது. ஐந்து பதிப்பகங்களின் கோப்புறைகள் அதற்குள் திறந்தன.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. எச்.ஆர். சொன்னதும் ஐ.டி. பிரிவு கணினி லாகினை நீக்கிவிடும். எஃப்டிபி பட்டியல் மட்டும் தனியாக ப்ரொடக்ஷன் டீம் லீடரிடம் இருந்தது, அவருக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் நிறுவனத்துக்குத் தகவல் பாதுகாப்புக்காகத் தந்த ஐஎஸ்ஓ 27001 சான்றிதழ் வரவேற்பறைச் சுவரிலேயே மாட்டியிருந்தது. வெளியிலிருந்து போடும் எந்த மதிப்பெண்ணும் அந்த ஏழாவது பெயரைக் கண்டுபிடித்திருக்காது. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட நடுக்கம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. ‘ஆம்’ என்று எழுதும் முன் போய்ப் பார்ப்பது என்ற பழக்கம் அன்றுதான் வந்தது.

அதனால் இரண்டு பதிப்பகங்களிடமும் சான்றிதழைக் கேளுங்கள், கேட்டு ‘ஸ்கோப்’ (எந்தெந்த இடத்துக்குப் பொருந்தும்) என்ற வரியைப் படியுங்கள். தலைமையகத்தின் டேட்டா சென்டருக்கு மட்டும் வாங்கிய சான்றிதழ் உங்கள் கையேட்டைக் காப்பாற்றாது. 2013 பதிப்பில் வாங்கிய ஐஎஸ்ஓ 27001 சான்றிதழ் எதுவும் 2025 அக்டோபர் 31-க்குப் பிறகு செல்லாது, 2022 பதிப்பாக இருக்கவேண்டும். எஸ்ஓசி 2 அறிக்கை (வெளித் தணிக்கையாளர் தரும் பாதுகாப்பு அறிக்கை) காட்டினால் ‘டைப் 1’-ஆ ‘டைப் 2’-ஆ என்று பாருங்கள். முதலாவது ஒரு குறிப்பிட்ட நாளின் நிலைமை. இரண்டாவது, சில மாத காலம் விதிகள் உண்மையிலேயே நடைமுறையில் இருந்தனவா என்று பார்த்தது.

நான் இதைவிடப் பெரிதாக மதிப்பது, ஏதாவது நடந்தபோது அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை. தாக்குதலுக்கு ஆளாவது யாருக்கும் நடக்கும். 2022 ஜூனில் மேக்மில்லன் பதிப்பகம் ரான்சம்வேரில் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மென்பொருள்) மாட்டி ஆர்டர்களை அனுப்ப முடியாமல் நின்றது. 2024 ஜூனில் ஜப்பானின் கடோகாவா பதிப்பகத்தில் 2,54,241 பேரின் விவரங்கள் கசிந்தன, புத்தகங்களைக் கடைகளுக்கு அனுப்புவதே தடுமாறியது. ஊழியர் ஒருவரின் கணக்கு ஃபிஷிங்கில் (போலி மெயில் அனுப்பி ஏமாற்றுவது) திருடு போனதிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்று அந்த நிறுவனமே சொன்னது.

பாடப்புத்தகங்கள் வெளியிடும் பியர்சன் நிறுவனத்தின் கதை வேறு மாதிரி. 2018-இல் அமெரிக்கப் பள்ளிகளுக்கான அதன் மென்பொருள் ஒன்றிலிருந்து லட்சக்கணக்கான மாணவர்களின் பதிவுகள் போயின, 13,000 பள்ளி, கல்லூரிக் கணக்குகளின் நிர்வாக லாகின்களும் போயின. ஓட்டையை அடைக்கும் பேட்ச் பற்றித் தகவல் வந்தும் ஆறு மாதம் போடாமல் விட்டிருந்தார்கள். இத்தனையும் தெரிந்த பிறகு, 2019 ஜூலையில் முதலீட்டாளர்களுக்குத் தந்த அறிக்கையில், தரவுக் கசிவை ‘இனி நடக்கக்கூடிய ஒரு ஆபத்து’ என்பதுபோல எழுதினார்கள். அதற்காக அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2021 ஆகஸ்ட்டில் 10 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. பியர்சன் குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை, பணத்தைக் கட்டியது. தொகை அந்த நிறுவனத்துக்குப் பெரிதல்ல. ஆனால் நடந்ததை ‘நடக்கலாம்’ என்று எழுதியதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. பிள்ளைகளின் பிறந்த தேதி போயிருக்கிறது.

பிரிட்டிஷ் லைப்ரரி பதிப்பகம் இல்லை, ஆனாலும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2023 அக்டோபரில் ரைசிடா என்ற ரான்சம்வேர் கும்பல் தாக்கி, பணம் கிடைக்காததால் சுமார் 600 ஜிபி தரவை வெளியே கொட்டியது. 2024 மார்ச்சில் அந்த நூலகம், எந்த வழியாக உள்ளே வந்திருப்பார்கள், அங்கே இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு ஏன் இல்லை என்பதையெல்லாம் தானே எழுதி வெளியிட்டது. மற்றவர்கள் படித்துத் திருந்தட்டும் என்று சொன்னது. இப்படிச் சொல்லும் நிறுவனத்தை நான் நம்புவேன்.

இரண்டு பதிப்பக எடிட்டர்களுக்கும் ஒரே மெயிலை அனுப்புங்கள். “என் விடைக் கையேட்டை எந்த ஊரில், எந்த நிறுவனத்தில், எத்தனை பேர் திறப்பார்கள்? வேலை முடிந்ததும் எத்தனை நாளில் அழிப்பார்கள்?” ஊரும் நாள்கணக்கும் போட்டுப் பதில் தருகிறவரிடம் கொடுங்கள்.

கேள்வி: என் நாவலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வருகிறார்கள். பதிப்பக எடிட்டரின் பெயரில் “கடைசி டிராஃப்டை உடனே அனுப்புங்கள்” என்று மெயில் வந்தது. அனுப்பலாமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: அனுப்பாதீர்கள். முதலில் அவருக்குப் போன் போடுங்கள், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் நம்பரில்.

பிலிப்போ பெர்னார்டினி என்ற இத்தாலிய இளைஞர் லண்டனில் சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, 2016-இலிருந்து இப்படித்தான் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகளை வாங்கிச் சேர்த்தார். 160-க்கு மேல் போலி டொமைன்கள் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்). ஆங்கில ‘எம்’ எழுத்து வரும் இடத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் ஒட்டி வைப்பார், அவசரத்தில் படித்தால் ‘எம்’ என்றே கண்ணுக்குப் படும். துறைக்குள்ளே பேசும் பேச்சு அவருக்கு அத்துப்படி, அதனால் அனுபவசாலிகளே ஏமாந்தார்கள். 2022 ஜனவரியில் நியூயார்க் விமான நிலையத்தில் கைதானார். மறு வருடம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 88,000 டாலர் ஈடு கட்டினார். முதல் பதிலில் சொன்ன டிமார்க் இதைத் தடுக்காது, ஏனென்றால் அது வேறு டொமைன். உங்கள் மெயிலில் அனுப்பியவர் முகவரியை வேர்டில் ஒட்டி, எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

கேள்வி: மூன்று பேர் நடத்தும் சிறுவர் பதிப்பகம் எங்களுடையது. சந்தாதாரர் பட்டியல் எக்செல்லில், ஆர்டர் வாட்ஸ்அப்பில். புதிய தரவுச் சட்டம் எங்களுக்கும் பொருந்துமா? (வாசகர், மதுரை)

பதில்: பொருந்தும். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் உண்டு. நியாயமான பாதுகாப்பு செய்யாமல் தரவு கசிந்தால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். கசிந்தால் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் சம்பந்தப்பட்டவர்களுக்கும் தாமதிக்காமல் சொல்லவேண்டும், முழு விவரத்தை வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும். இதற்குத் தனியாக, சைபர் சம்பவம் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னிடம் (மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு) தெரிவிக்கவேண்டும் என்ற உத்தரவு 2022-இலிருந்தே இருக்கிறது.

உங்களைப் பொறுத்தவரை நான் முதலில் கவலைப்படுவது ஓவியப் போட்டி, கதைப் போட்டிக் கூப்பன்களைப் பற்றி. குழந்தையின் பெயர், பிறந்த நாள், பள்ளி, வகுப்பு, அம்மாவின் செல்பேசி எண், சில சமயம் போட்டோவும். 18 வயதுக்குள் இருப்பவரின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதலைச் சரிபார்த்து வாங்கவேண்டும். காகிதத்தில் இருக்கும்வரை சட்டம் எட்டாது, எக்செல்லில் ஏற்றிய நிமிடத்திலிருந்து எட்டும். பரிசு அனுப்பப் பெயரும் முகவரியும் போதுமே, பள்ளிப் பெயர் எதற்கு? அடுத்த இதழின் கூப்பனிலேயே அந்தக் கட்டங்களை எடுத்துவிடுங்கள். பழைய போட்டிகளின் கோப்புகளை அழியுங்கள். வாட்ஸ்அப் இருக்கும் போனுக்கு இரண்டு கட்டச் சரிபார்ப்பை இன்றே போடுங்கள்.

கேள்வி: டைப்செட்டிங் வேலையில் சேர்ந்து இரண்டு வருடம். உள்ளே போகும்போது செல்போனை லாக்கரில் வாங்கி வைக்கிறார்கள், யூஎஸ்பி கிடையாது. எங்களைத் திருடர் மாதிரி நடத்துகிறார்கள் என்று தோன்றுகிறது. (வாசகி, புதுச்சேரி)

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. காரணத்தைச் சொல்லாமல் போனை மட்டும் வாங்கி வைப்பது தவறு என்று நானும் நிர்வாகத்திடம் பலமுறை பேசியிருக்கிறேன். காரணம் இதுதான்: உங்கள் திரையில் இருப்பது கோயம்புத்தூர் வாசகி பயப்படுகிறாரே, அது மாதிரி ஒரு விடைக் கையேடாக இருக்கலாம். ஒரு போட்டோ வெளியே போனால் அந்தப் பதிப்பின் பயிற்சிக் கணக்குகள் எல்லாம் வீண். ஒப்பந்தத்தில் அந்த விதியைப் பதிப்பகம்தான் போடுகிறது. அது மேனேஜருக்கும் விருந்தாளிக்கும் சேர்த்துத்தான். அவர்கள் மட்டும் போனோடு உள்ளே போனால் நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

இன்னொன்றும் உங்கள் கையில் இருக்கிறது. பக்கத்து சீட்டில் இருந்தவர் வேலையை விட்டுப் போன பிறகும் எஃப்டிபியில் அவர் பெயர் தெரிந்தால், டீம் லீடருக்கும் ஐ.டி. பிரிவுக்கும் சேர்த்து இரண்டு வரி மெயில் போடுங்கள்.