பின்னால இடிச்சவரின்ர கொம்பனிக்குப் பின்னால ஓடாதேங்கோ

தம்பி, ஸ்காபரோவுக்கு வந்து எட்டு மாதம், சிவப்பு விளக்கில நிண்ட உங்கட காரை ஒருவர் பின்னால இடிச்சுப்போட்டார், அவரின்ர காப்புறுதிக் கொம்பனி போன் எடுத்தாலும் மறுமொழி சொல்லுதில்லை எண்டு கேட்டிருந்தீங்கள்.

அங்க எடுக்கிறதை விடுங்கோ. ஒன்ராறியோவில பிழையில்லாத ஆளின்ர காரைத் திருத்தித் தாறது அவரின்ர சொந்தக் கொம்பனிதான். காப்புறுதிப் பத்திரத்தில அதை டிசிபிடி (DCPD, சொத்துச் சேதத்துக்குச் சொந்தக் கொம்பனி நேரடியாத் தாற இழப்பீடு) எண்டு போட்டிருக்கும். பிழை யாரில எண்டதுக்கு மாகாண ஒழுங்குவிதி இருக்கு, நிண்ட காருக்குப் பின்னால வந்து இடிச்சால் பிழை முழுக்க இடிச்சவருக்கு. 2024 தொடக்கம் டிசிபிடியை வேண்டாமெண்டு விடலாம். மாதக் காசு மிச்சம் எண்டு விட்டிருந்தீங்களெண்டால் திருத்தச் செலவு உங்கட கையாலதான், அதை முதல் பாருங்கோ.

எங்கட ஆக்கள் கன பேர் காப்புறுதிக் கட்டணம் ஏறும் எண்ட பயத்தில விபத்தை மறைச்சுப்போடுகினம். உங்களில பிழையில்லாத விபத்துக்காக ஏத்த ஏலாது. ஏழு நாளுக்குள்ள உங்கட கொம்பனிக்கு அறிவியுங்கோ.

மதிப்பீட்டில அவசரப்படாதேங்கோ. என்ர காருக்கு இப்பிடி நடந்த நேரம் வெளியால பம்பரில ஒரு கீறல்தான் தெரிஞ்சது. போனில அனுப்பின நாலு படத்தைப் பாத்து என்ர கொம்பனிக்காரர் 900 டொலர் எண்டு போட்டு, காசாய் வாங்கிறீங்களோ எண்டு கேட்டினம். ஓமெண்டு சொல்லத்தான் இருந்தனான். பொடி ஷொப்பில பம்பரைக் கழட்டினால் உள்ளுக்கிருந்த சட்டம் நடுவில குழிஞ்சு கிடக்கு, டிக்கிக்குள்ள ஸ்பெயர் ரயர் இருக்கிற தகடும் மடிஞ்சுபோச்சு. கடைக்காரர் ஒவ்வொரு இடத்தையும் சோக்கால வட்டம் போட்டுப் படமெடுத்து அனுப்பின பிறகு மிச்சச் செலவுக்கும் சம்மதிச்சினம். பம்பர் கழட்டாமல் கையெழுத்து வையாதேங்கோ.

கொம்பனி சொல்லுற கடைக்குத்தான் போகோணும் எண்டு கட்டாயமில்லை, தெரிவு உங்கட. ஆனால் வேலைக்கு அவை தாற உத்தரவாதம் அவையின்ர கடைக்கு மட்டும் இருக்கலாம், கேட்டுப்போட்டு முடிவெடுங்கோ. திருத்தி முடியுமட்டும் வாடகைக் காரும் டிசிபிடியிலயே கேக்கலாம். நீங்களாக் கேளுங்கோ. கதைச்ச ஆளின்ர பேர், நேரம், உரிமைகோரல் இலக்கம் எல்லாத்தையும் ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ.

கடைசி வரியில கழுத்து நோகுது எண்டு எழுதியிருக்கிறீங்கள். காரை விடுங்கோ, முதல் டொக்டரிட்டப் போங்கோ. காயமெண்டால் சேதம் எவ்வளவெண்டாலும் பொலிசுக்கும் சொல்லோணும். அந்த வைத்தியச் செலவையும் உங்கட கொம்பனியிட்டத்தான் கேக்கோணும், நாளைக்கே அவைக்குப் போன் எடுங்கோ.