முதலில் லைசென்ஸ், பிறகுதான் கார்

கேள்வி: வேலை விசாவில் துபாய் வந்திருக்கிறேன். மெடிக்கல் முடிந்துவிட்டது, எமிரேட்ஸ் ஐடி இன்னும் கைக்கு வரவில்லை. தங்கியிருப்பது ஷார்ஜாவில், ஆபீஸ் துபாயில். ஊரில் பத்து வருடமாகக் கார் ஓட்டுகிறேன். இன்டர்நேஷனல் பெர்மிட்டும் எடுத்து வந்திருக்கிறேன். ரூமில் உடன் இருப்பவர் அடுத்த மாதம் ஊருக்கே போகிறார். தன் காரை மலிவாகத் தருவதாகச் சொல்கிறார். வாங்கி ஓட்டலாமா? — வாசகர், ஷார்ஜா

பதில்: இப்போது வேண்டாம். காரில் குறை இருக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை. உங்கள் கையில் இருக்கும் பெர்மிட் இன்னும் சில நாட்களில் செல்லாமல் போய்விடும்.

பலரும் சறுக்கும் இடம் இது. விசிட் விசாவில் வந்தவர் இந்திய லைசென்ஸும் இன்டர்நேஷனல் பெர்மிட்டும் காட்டி வாடகைக் கார் எடுக்கலாம். ரெசிடென்சி (இங்கே வசிக்கும் அனுமதி) கிடைத்துவிட்டால் அந்தச் சலுகை முடிந்தது. அதன்பின் அமீரக லைசென்ஸ் இல்லாமல் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. 2025 மார்ச் 29 முதல் நடப்பில் இருக்கும் புதிய போக்குவரத்துச் சட்டப்படி, இங்கே செல்லாத வெளிநாட்டு லைசென்ஸில் ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறையே 2,000 முதல் 10,000 திர்ஹாம் வரை அபராதம். விபத்து நடந்தால் இன்னும் மோசம். இன்சூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்குக் கொடுத்த பணத்தை உங்களிடமிருந்தே திருப்பிக் கேட்கலாம். “பக்கத்துத் தெருவுக்குத்தானே” என்று கிளம்புகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

முதலில் ரெசிடென்சி முடியட்டும். மெடிக்கலுக்குப் பிறகு கைரேகை, ஹெல்த் இன்சூரன்ஸ், ஐடி கார்டு. பாஸ்போர்ட்டில் விசா ஸ்டிக்கர் எப்போது ஒட்டுவார்கள் என்று காத்திருக்காதீர்கள். 2022-லேயே அதை நிறுத்திவிட்டார்கள், இப்போது எமிரேட்ஸ் ஐடியே சான்று. இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன்: வேலை விசாவின் செலவு முதலாளியுடையது. சம்பளத்தில் பிடிப்பதாகச் சொன்னால் அது சட்டப்படி தவறு.

உங்கள் விசா துபாயுடையது என்று வைத்துக்கொள்கிறேன். ஐடி வந்ததும் துபாய் போக்குவரத்துத் துறையான ஆர்டிஏ-வின் ‘கோல்டன் சான்ஸ்’ வழியாக விண்ணப்பியுங்கள். ஊர் லைசென்ஸ் செல்லுபடியில் இருக்கும் ரெசிடென்ட்டுகளுக்கு, வகுப்புக்குப் போகாமல் தியரி தேர்வும் ரோட் டெஸ்ட்டும் நேரடியாக எழுத 2023-இல் வந்த வழி இது. வாய்ப்பு ஒன்றே ஒன்று. தவறவிட்டால் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, மற்றவர்களைப்போல வகுப்புக் கட்டணம் கட்ட வேண்டும். ‘பத்து வருடம் ஓட்டியவன்’ என்ற தெம்பில் அப்படியே போய் நிற்பதில் எனக்குச் சம்மதமில்லை. காசு போனால் போகிறதென்று ஒன்றிரண்டு மணி நேரம் இங்குள்ள பயிற்சியாளரோடு ஓட்டிப் பாருங்கள்.

நம் ஆட்கள் தோற்பது வண்டி ஓட்டத் தெரியாமல் அல்ல, பழக்கத்தால். லேன் மாறும்போது கண்ணாடி பார்த்தால் மட்டும் போதாது. தலையைத் திருப்பித் தோளுக்கு மேலாகப் பார்ப்பதை எக்ஸாமினர் கண்ணால் காண வேண்டும். ரவுண்டானாவில் உள்ளே சுற்றும் வண்டிக்கே முன்னுரிமை. அது உங்கள் இடப்பக்கமிருந்து வரும். ஸ்டியரிங் இடப்பக்கம், சாலையில் ஓட்டம் வலப்பக்கம் என்பதால் வளைவு முடிந்ததும் கை தன்னால் நம்மூர்ப் பக்கம் இழுக்கும். ஹாரனை மறந்துவிடுங்கள். ஆட்டோமேட்டிக் காரில் டெஸ்ட் கொடுத்தால் லைசென்ஸும் ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும்தான். இங்கே அது பெரிய நஷ்டமில்லை. முதல் லைசென்ஸ் 2 ஆண்டுக்கு, பிறகு புதுப்பித்தால் 5 ஆண்டுக்கு.

லைசென்ஸ் வந்த பிறகு கார் தேடுங்கள். பழைய கார் என்றால் முதல் கேள்வி, “ஜிசிசி ஸ்பெக்கா, அமெரிக்கன் ஸ்பெக்கா?” அதாவது, வளைகுடா நாடுகளுக்காகத் தயாரித்ததா, அமெரிக்காவுக்காகத் தயாரித்ததா என்று. ஷார்ஜாவின் பழைய கார் யார்டுகளில் பளபளவென்று நிற்பவற்றில் நிறைய அமெரிக்காவில் மோதி, இங்கே சரிசெய்யப்பட்டவை. விலை குறைவாக இருக்கும், ஆனால் முழு இன்சூரன்ஸ் கிடைப்பது கஷ்டம். சேசிஸ் நம்பரைக் கொடுத்து அமீரக உள்துறையின் எமிரேட்ஸ் வெஹிக்கிள் கேட் தளத்தில் விபத்து வரலாற்றைப் பார்க்கலாம். பேங்க் லோன் நிலுவையில் இருந்தால் பேங்கின் விடுவிப்பு இல்லாமல் பெயர் மாற்ற முடியாது. முல்கியா எனும் வண்டிப் பதிவு அட்டையை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். அபராதம் பாக்கி இருந்தால் புதுப்பிக்க விடமாட்டார்கள். கார் 3 வருடம் தாண்டியதென்றால் டெஸ்டிங்கும் உண்டு.

லோனில் வாங்க நினைத்தால் விலையில் 20 சதவீதம் கையிலிருந்து போட வேண்டும், தவணை அதிகபட்சம் 5 ஆண்டு. புது வேலையில் புரொபேஷன் முடியும்வரை அந்தப் பக்கம் போகாதீர்கள். வேலை போனால் விசா கேன்சல் ஆகும், லோன் ஆகாது.

தினம் ஷார்ஜாவிலிருந்து வருபவருக்குப் பெட்ரோலைவிட துபாயின் சாலைச் சுங்கமான சாலிக்தான் உறுத்தும். 2025 ஜனவரி 31 முதல் வார நாட்களில் காலை 6 முதல் 10 வரையிலும் மாலை 4 முதல் 8 வரையிலும் ஒரு கேட்டுக்கு 6 திர்ஹாம், மற்ற நேரம் 4, நள்ளிரவு 1 முதல் காலை 6 வரை இலவசம். போக ஒரு கேட், வர ஒரு கேட் என்றாலே 22 வேலை நாளுக்கு 264 திர்ஹாம். பார்க்கிங் தனி. இதைக் கூட்டிப் பார்த்தபின், பஸ்ஸும் மெட்ரோவுமே போதும் என்று சில மாதம் சமாளித்தவர்கள் பலர், அதில் தவறில்லை.

உங்கள் நண்பருடைய காருக்கு வருகிறேன். ஊருக்குப் போகிறவர் விசா கேன்சல் செய்வதற்கு முன் காரை விற்று முடிக்க வேண்டும். உங்களிடம் ஐடி இல்லாமல் பெயர் மாற்றம் நடக்காது. ‘பிறகு மாற்றிக்கொள்ளலாம், சாவியை வைத்துக்கொள்’ என்று அவர் சொன்னால் வாங்காதீர்கள். கார் அவர் பெயரில், இன்சூரன்ஸும் அவர் பெயரில், ஓட்டுபவர் லைசென்ஸ் இல்லாத நீங்கள். ஏதாவது நேர்ந்தால் இருவருமே மாட்டுவீர்கள். அவர் கிளம்புவதற்குள் ஐடியும் லைசென்ஸும் வந்துவிட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வேறு ஆளுக்கு விற்கச் சொல்லுங்கள்.