பள்ளியில் கற்கும் பிரெஞ்சு பேச்சில் வராதது ஏன்?

கேள்வி: நாங்கள் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள ஒட்டாவாவில் வசிக்கிறோம். 7ஆம் வகுப்பில் படிக்கும் என் மகள் பிரெஞ்சுத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினாலும், யாராவது பிரெஞ்சில் பேச்சுக் கொடுத்தால் வாயடைத்து நிற்கிறாள். இளையவனை இம்மெர்ஷன் வகுப்பில் சேர்ப்பதா, பிரெஞ்சு வழிப் பள்ளியிலா? இரண்டும் ஒன்றுதானே? வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்த வேண்டுமா?

பதில்: இரண்டும் ஒன்றல்ல. இம்மெர்ஷன் என்பது, பிரெஞ்சு அறியாத பிள்ளைகளுக்குப் பல பாடங்களைப் பிரெஞ்சிலேயே கற்பிக்க ஆங்கிலப் பள்ளி வாரியங்கள் நடத்தும் வகுப்பு. 1965இல் கியூபெக்கின் சான்-லம்பேரில், அங்கு சிறுபான்மையினரான ஆங்கிலம் பேசும் பெற்றோர் வற்புறுத்திக் கேட்டதால் இது தொடங்கியது. பிரெஞ்சு வழிப் பள்ளியோ ஒன்டாரியோவின் பிரெஞ்சுச் சிறுபான்மையினர் தங்கள் மொழியைக் காத்துக்கொள்வதற்கானது. 1912இல் வந்த 17ஆம் விதி பிரெஞ்சு வழிக் கல்வியை முதல் இரண்டு வகுப்புகளோடு நிறுத்த முயன்றதையும், அது 1927இல் கைவிடப்படும்வரை அவர்கள் போராடியதையும் அறிந்தவர்களுக்கு அந்த அக்கறை புரியும். பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் போன்ற பெற்றோருக்கு அரசியல் சாசன உரிமைப் பட்டயத்தின் 23ஆம் பிரிவு தரும் சேர்க்கை உரிமை உங்களுக்கு இராது என நினைக்கிறேன். இருப்பினும் சேர்க்கைக் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். சேர்ந்தபின் பள்ளியின் கடிதங்களும் பெற்றோர் கூட்டங்களும் பிரெஞ்சிலேயே இருக்கும். அதற்கு நீங்களும் ஆயத்தமாக வேண்டும். மொழி வகுப்பாக மட்டும் கருதி அப்பள்ளியை நாடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்கள் மகளின் மீது குறையில்லை. ஒன்டாரியோவில் 4 முதல் 8ஆம் வகுப்பு வரை சாதாரணப் பிரெஞ்சு வகுப்புக்கு 600 மணி நேரம் என்பது இலக்கு, இம்மெர்ஷனுக்கோ தொடக்கத்திலிருந்து 8ஆம் வகுப்பு முடிவதற்குள் 3,800. ஆனால் மணிக்கணக்கு மட்டும் போதாது. இம்மெர்ஷன் பிள்ளைகள் கேட்டும் படித்தும் புரிந்துகொள்வதில் தாய்மொழியாளரை நெருங்கினாலும் பேச்சிலும் எழுத்திலும் பின்தங்குவதைக் கண்ட மொழிக் கல்வி ஆய்வாளர் மெரில் ஸ்வெயின், கேட்பது மட்டும் போதாது, பிள்ளைகள் தாமே வாக்கியம் அமைத்துப் பேசவும் வேண்டும் என்று 1985இல் வாதிட்டார். 1998இல் நியூஃபவுண்ட்லாந்தில் ஜோன் நெட்டனும் க்ளோட் ஜெர்மேனும் தொடங்கிய தீவிரப் பிரெஞ்சுத் திட்டம் பேச்சையே முதலில் வைத்தது. ஆசிரியர் தன் வீட்டு நாயைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்வார். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டில் நாய் உண்டா இல்லையா என்பதை முழு வாக்கியமாகச் சொல்லும். பிறகு பக்கத்துப் பிள்ளையிடம் அதையே கேட்கும். மூன்றாவது பிள்ளை அந்தப் பதிலை வகுப்புக்குத் திருப்பிச் சொல்லும். சொல்லிப் பழகிய வாக்கியத்தைத்தான் அடுத்து வாசிப்பார்கள், அதற்கும் பிறகே எழுதுவார்கள். வினைச்சொல் அட்டவணையை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கலாம். வாய் திறப்பதற்கு அது உதவாது.

எனவே இளையவனை இம்மெர்ஷனில் சேருங்கள். வகுப்பில் பிள்ளைகள் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்பதை ஆசிரியரிடம் கேட்டறியுங்கள். மூத்தவளுக்கு ஒட்டாவாவில் வாய்ப்புகள் உண்டு: பிரெஞ்சில் நடக்கும் நீச்சல் வகுப்பிலோ கோடை முகாமிலோ சேர்த்துவிடுங்கள், அங்கே தேவைக்காகப் பேசியே ஆகவேண்டியிருக்கும்.

தமிழை நிறுத்தவே வேண்டாம். ஒரு மொழியில் பெறும் வாசிப்புத் திறன் மற்றொன்றுக்கும் கைகொடுக்கும் என்பது டொராண்டோவின் மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979 முதல் வலியுறுத்திவரும் கருத்து. நீங்களே தடுமாறும் பிரெஞ்சில் பிள்ளையோடு பேசுவதைவிட, தமிழில் நாள்தோறும் ஒரு கதை வாசித்துக் காட்டுவதே அவனுக்கு அதிகம் பயன்படும்.