லைன் வேலையா, பாலிடெக்னிக்கா? செய்யாறு பக்கத்து அப்பா ஒருவருக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், கணிதம், இயற்பியல், வேதியியலில் நல்ல மதிப்பெண். ஊருக்கே வேன் வந்து ஆள் எடுக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் கம்பெனியில் லைன் வேலை, அதாவது வரிசையில் நின்று பாகங்களைப் பூட்டும் வேலை, தங்க இடம், சாப்பாடு, பஸ் எல்லாம் உண்டு என்கிறார் ஏஜென்ட். பாலிடெக்னிக் விண்ணப்பம் இன்னும் நிரப்பாமல் கிடக்கிறது. "வெளிநாட்டுச் சாமானுக்கு வரி போட்டு எல்லாக் கம்பெனியையும் இங்கேயே கொண்டு வருகிறார்களாமே, இப்போதே உள்ளே நுழைந்துவிட்டால் நல்லதுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நல்ல கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டு நிலைமை கொஞ்சமேனும் தாங்கும் என்றால் படிக்க வையுங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த வரிக்கதையை முழுசாகத் தெரிந்துகொண்டால் முடிவு உங்களுக்கே வரும்.

வீட்டில் பழைய செல்போன் சார்ஜர் ஒன்று இருந்தால் எடுத்து, அதன் முதுகில் இருக்கும் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு வருடப் பழசு என்றால் பெரும்பாலும் 'மேட் இன் சைனா' என்றிருக்கும். சமீபத்தில் வாங்கியதில் 'மேட் இன் இந்தியா' என்றிருக்க நிறைய வாய்ப்பு. இந்த மாற்றம் திட்டம் போட்டு, படிப்படியாகச் செய்தது. முதலில் 2016-17இல் சார்ஜர், பேட்டரி, ஹெட்செட். அடுத்த வருடம் மைக், கீபேட், யூஎஸ்பி கேபிள். 2018-19இல் போனுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு, கேமரா மாட்யூல். ஒவ்வொன்றாக இறக்குமதி வரியை ஏற்றி, 'வெளியிலிருந்து வாங்குவதைவிட இங்கேயே பாகங்களைச் சேர்த்துப் பூட்டுவது மலிவு' என்ற கணக்கை உண்டாக்கினார்கள். முழு போனுக்கு 2017 ஜூலையில் 10 சதவீத வரி. அதே டிசம்பரில் 15. 2018 பட்ஜெட்டில் 20. அப்புறம் 2020இல் இன்னொரு வழி: இங்கே கூடுதலாகத் தயாரித்து விற்கும் சரக்கின் மதிப்பில் 4 முதல் 6 சதவீதம் வரை அரசே கம்பெனிக்கு ஊக்கத்தொகை தருவது. வரி ஒரு பக்கம் தள்ளியது, ஊக்கத்தொகை இன்னொரு பக்கம் இழுத்தது.

பலன் கண்ணெதிரே இருக்கிறது. 2024-25இல் தமிழ்நாட்டிலிருந்து மட்டும் 14.65 பில்லியன் டாலருக்கு மின்னணுப் பொருட்கள் ஏற்றுமதியாகின. இந்தியாவின் மொத்த மின்னணு ஏற்றுமதியில் இது 40 சதவீதத்துக்கு மேல். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் பெண் தொழிலாளர் விடுதியை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். உங்கள் ஊருக்கு வேன் வருவதற்கும் காரணம் இதுதான். நம் ஊரில் பொருள் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தை நான் மனதார ஆதரிக்கிறேன். 1906இல் தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்த மண் இது.

ஆனால், வரி போட்டதும் முதலில் வந்து சேர்வது எந்த வேலை என்று பாருங்கள். சார்ஜரைப் பிரித்தால் உள்ளே சின்ன போர்டு, ஒரு டிரான்ஸ்ஃபார்மர், வெளியே பிளாஸ்டிக் கூடு. பாகங்களைக் கொண்டு வந்து பூட்டுவது எளிது, சீக்கிரம் செய்துவிடலாம். அதனால் பூட்டும் வேலைதான் முதலில் இடம் மாறும். போர்டின் மேல் உட்காரும் சிப்புகள் பெரும்பாலும் இன்னும் வெளியிலிருந்துதான் வருகின்றன. அந்தக் கூட்டை வார்க்கும் அச்சு, அதாவது மோல்டு, அதைச் செய்யும் டூல் ரூம், வேகமாக ஓடும் மெஷினைப் பழுது பார்க்கும் கை, இவையெல்லாம் மெதுவாகத்தான் வந்து சேரும். வந்துவிட்டால் சுலபத்தில் போகாது.

பூட்டும் வேலை எவ்வளவு சீக்கிரம் வருமோ அவ்வளவு சீக்கிரம் போகவும் கூடும். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை ஒரு காலத்தில் உலகத்துக்கே போன் அனுப்பியது. 2014 நவம்பர் 1ஆம் தேதி அது நின்றது. இங்கேயே பொருள் செய்ய அழைக்கும் 'மேக் இன் இந்தியா' திட்டத்தை மத்திய அரசு அறிவித்து ஐந்தாறு வாரம்தான் ஆகியிருந்தது. வரித் தகராறு, கம்பெனி கைமாறியது, பட்டன் போன் சந்தை சரிந்தது என்று பல காரணங்கள். லைனில் திறமையாக வேலை செய்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு அதில் எதுவும் கையில் இல்லை.

வரியும் நிரந்தரமில்லை. 20 சதவீதமாக இருந்த போன் வரியை 2024 ஜூலை பட்ஜெட்டில் 15 ஆகக் குறைத்தார்கள், தொழில் வளர்ந்துவிட்டது என்று காரணம் சொல்லி. அது சரியான முடிவாகவே இருக்கலாம். ஆனால் பட்ஜெட் உரையின் ஒரு பத்தியில் மாறக்கூடிய எண்ணை நம்பி மகளின் நாற்பது வருட உழைப்பைத் தீர்மானிக்கலாமா?

எதிர்ப்பக்கத்திலும், அதாவது நம் சரக்கை வாங்கும் நாடு போடும் வரியிலும், இதே நிலைதான். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது திருப்பூர் பனியன் மாட்டிக்கொண்டது, ஸ்மார்ட்போனுக்கு விலக்குக் கிடைத்தது. இரண்டும் நம் பெண்கள் கையால் செய்த சரக்குதான். எது தப்பும், எது மாட்டும் என்பதைத் தொழிலாளி முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழியே இல்லை.

அமெரிக்காவின் அனுபவம் ஒன்றையும் சொல்கிறேன். 2018இல் அவர்கள் வாஷிங் மெஷினுக்கு வரி போட்டார்கள். சாம்சங் தென் கரோலினாவிலும் எல்ஜி டென்னசியிலும் ஆலை நடத்தின. ஆலை வந்தது உண்மை. ஆனால் பொருளாதார அறிஞர்கள் மூவர் கணக்குப் பார்த்தபோது புதிதாகக் கிடைத்த வேலை ஏறக்குறைய 1,800தான். வாஷிங் மெஷின் விலை சுமார் 12 சதவீதம் ஏறியது. வரியே போடாத டிரையர், அதாவது துணி உலர்த்தும் மெஷின், விலையும் கூடவே ஏறியது, இரண்டையும் சேர்த்து வாங்குவது அங்கே வழக்கம் என்பதால். ஒரு வேலைக்கு வருடத்துக்கு எட்டு லட்சம் டாலருக்கு மேல் வாடிக்கையாளர்கள் கூடுதலாகச் செலவழித்தார்கள். புதிய ஆலை என்றாலே ஆயிரமாயிரம் வேலை என்று நாம் மனதில் போடும் கணக்கு தவறிப்போவது இங்கேதான். நம் நாட்டில் கூலி குறைவு என்பதால் இன்றைக்கு ஆள் நிறைய எடுக்கிறார்கள். நாளைக்கு அதே திருகாணியை மெஷின் முடுக்கும்.

அப்போது அந்த மெஷினை யார் பார்த்துக்கொள்வார்கள்? மகளின் படிப்பை இந்தக் கேள்வியிலிருந்து யோசியுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். 2025 பட்ஜெட்டில் செல்போன் பேட்டரி தயாரிக்கும் 28 வகை இயந்திரங்களுக்கு இறக்குமதி வரியையே எடுத்துவிட்டார்கள். அதே வருடம் மார்ச்சில், பாகங்களை இங்கேயே செய்வதற்கென்று 22,919 கோடி ரூபாயில் ஒரு திட்டம். கேமரா மாட்யூல், பல அடுக்கு சர்க்யூட் போர்டு, போனின் வெளிக்கூடு எல்லாம் அதில் அடக்கம். பூட்டும் கட்டத்திலிருந்து பாகம் செய்யும் கட்டத்துக்கு நகரப் பார்க்கிறார்கள். அங்கே வேண்டியது மோல்டு செய்யத் தெரிந்தவர்கள், சிஎன்சி எனும் கணினி இயக்கும் வெட்டு மெஷினை ஓட்டத் தெரிந்தவர்கள், மெஷினை இயக்கும் சின்னக் கணினியான பிஎல்சியின் புரோகிராமைப் படித்து மெஷின் ஏன் நின்றது என்று கண்டுபிடிப்பவர்கள்.

என்னிடம் முன்பு ஆலோசனைக்கு வந்த பையன் ஒருவன் டூல் அண்ட் டை, அதாவது அச்சும் கருவியும் செய்யும் தொழில், படித்தான். முதலில் செல்போன் கூட்டுக்கு மோல்டு, பிறகு கார் விளக்கு, இப்போது ஊசி மருந்துக் குழாய்க்கு மோல்டு. ஒரு தடவை என்னைப் பட்டறைக்குள் அழைத்துப் போய்க் காட்டினான். மோல்டின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் நீலச் சாயம் தடவி, மூடித் திறந்து, எங்கே ஒட்டியிருக்கிறது, எங்கே ஒட்டவில்லை என்று பார்த்துப் பார்த்துத் தேய்க்கிறான். தலைமுடியைவிட மெல்லிய இடைவெளி இருந்தாலும் பிளாஸ்டிக் அதில் கசிந்து ஓரத்தில் பிசிறு வந்துவிடுமாம். மூன்று கம்பெனி மாறிவிட்டான். எந்தப் பொருளுக்கு எந்த நாடு வரி போட்டாலும் அந்தக் கை வேலைக்கு ஆள் தேடுகிறார்கள்.

இப்போது உங்கள் மகளுக்கு. அவள் எடுத்த பாடங்களுக்குப் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டில் சேரலாம், டிப்ளமோ இரண்டே வருடத்தில் முடியும். மெக்கட்ரானிக்ஸ் (இயந்திரமும் மின்னணுவும் சேர்ந்த படிப்பு) கிடைத்தால் முதல் விருப்பமாக அதைப் போடுங்கள். கிடைக்காவிட்டால் மெக்கானிக்கல் அல்லது எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ். டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ.யில் நேராக இரண்டாம் ஆண்டு போகலாம், அந்தக் கதவும் திறந்தே இருக்கும். இன்னும் சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டும் என்றால் ஐடிஐயில் டூல் அண்ட் டை மேக்கர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன் எதுவும் நல்லதுதான், அதுவும் இரண்டு வருடம். பெண் பிள்ளை மெஷின் பக்கம் போவாளா என்று நீங்கள் கேட்கவில்லை, அதற்கு என் நன்றி. சொந்தக்காரர்கள் கேட்பார்கள். தைரியமாகப் பதில் சொல்லுங்கள்.

செலவுக்கு: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும், டிப்ளமோவுக்கும் ஐடிஐக்கும் உண்டு. கல்லூரி மூலமாகவே விண்ணப்பிக்க வேண்டும்.

சரி, வீட்டில் கடன் நெருக்கடி, உடனே சம்பளம் வந்தாக வேண்டும் என்றால்? லைன் வேலையை நான் தாழ்வாக நினைக்கவில்லை. எட்டு மணி நேரம் நின்று, ஒரே அசைவை ஆயிரம் தடவை பிசகாமல் செய்வது லேசான காரியமில்லை. போவதாக இருந்தால் ஏஜென்டிடம் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். வேலை உத்தரவில் முதலாளி என்று யார் பெயர் இருக்கும், கம்பெனியா, கான்ட்ராக்டரா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. முதல் மாதத்திலிருந்தே பிடிப்பார்களா? ஒப்பந்தம் எத்தனை மாதம்? ஆர்டர் குறைந்தால் முதலில் வெளியே அனுப்புவது யாரை? விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் சம்பளத்தில் எவ்வளவு கழிப்பார்கள்? வாயால் சொன்னால் போதாது, தாளில் வாங்குங்கள். அசல் சான்றிதழை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். நகலும் சுயசான்றும் போதும். ஒரு வருடம் என்று தேதி குறித்து அனுப்புங்கள், அடுத்த ஜூனில் பாலிடெக்னிக் என்று அவளிடமும் வீட்டிலும் இப்போதே சொல்லிவையுங்கள். தேதி குறிக்காமல் போன பிள்ளைகள் திரும்பப் படிக்க வருவது அபூர்வம், நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

இன்னொன்று, ஐயா. உங்கள் கடிதம் இரண்டு பக்கம். ஏஜென்ட் சொன்னது இருக்கிறது, மாமா சொன்னது இருக்கிறது, டிவியில் கேட்டது இருக்கிறது. உங்கள் மகள் என்ன சொன்னாள் என்று ஒரு வரி இல்லை. அடுத்த கடிதத்தை அவளையே எழுதச் சொல்லுங்கள்.