மூன்றாவது முறையும் நீட்டா, தேன் பெட்டியா?

கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். மகள் இரண்டு முறை நீட் எழுதியும் அரசு இடம் கிடைக்கவில்லை. தாத்தாவின் ரப்பர் தோட்டத்தில் இருபது தேன் பெட்டிகள் இருக்கின்றன. பெண் அவையே கதி என்று கிடக்கிறாள். தேனீயைத் தாக்கும் உண்ணிக்கும் வைரஸ் உண்டாம், அதைத்தான் படிப்பேன் என்கிறாள். நிலத்தை விற்றாவது டாக்டருக்குப் படிக்க வை என்கிறார் சித்தப்பா. பூச்சி படித்த பெண்ணை யார் கட்டுவார்கள் என்கிறார் அத்தை.

கவலை நியாயம்தான் அம்மா. ஆனால் நிலத்தை விற்காதீர்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் எம்.பி.பி.எஸ். கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல். விடுதி, புத்தகம் சேர்த்தால் கோடியைத் தாண்டும். அதன்பின் மேற்படிப்புக்கு இன்னொரு நுழைவுத் தேர்வு. விருப்பமில்லாத பெண்ணை அந்தக் கடனோடு அனுப்புவது அவளுக்குச் செய்யும் உதவியல்ல. நர்சிங், பார்மசி பற்றி உறவினர்களே சொல்லியிருப்பார்கள், விடுகிறேன். அவள் கேட்டதைப் பேசுவோம்.

அவள் சொல்லும் உண்ணியின் பெயர் வரோவா. ஒன்றரை மில்லிமீட்டர் அகலம், செம்பழுப்பு நிறம், குட்டி நண்டு மாதிரி இருக்கும். ஆதியில் நம் அடுக்குத் தேனீ இனத்தின் ஒட்டுண்ணி. அங்கே அது ஆண் தேனீ அறைகளில்தான் பெருகும். இத்தாலியத் தேனீக்குத் தாவியதும் வேலைக்காரத் தேனீயின் அறைகளிலும் பெருகத் தொடங்கியது. உலகெங்கும் பெட்டிகள் காலியாயின. உண்ணி உறிஞ்சுவதால் வரும் சேதத்தைவிட, அது ஊசி போட்டதுபோல் ஏற்றும் சிறகு உருக்குலைவு வைரஸால் வரும் சேதம் பெரிது.

உங்கள் மகள் சொல்வது அடுத்த படி. உண்ணியையே தொற்றும் வைரஸ்கள் இருக்கின்றன. இங்கே பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. 2004இல் 'வரோவா டெஸ்ட்ரக்டர் வைரஸ்-1' என்று உண்ணியின் பெயரில் அறிவிக்கப்பட்டது, சிறகு உருக்குலைவு வைரஸின் இன்னொரு வகை, தேனீயையும் தாக்கும். 2016இல் இஸ்ரேலில் இருந்து வெளிவந்த 'வைரஸ்-2' வேறு கதை. அது உண்ணிக்குள் பெருகுகிறது, தேனீயில் பெருகுவதாகத் தெரியவில்லை.

இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. உண்ணி தேனீயின் கொழுப்புத் திசுவைத் தின்கிறது. இந்த வைரஸ்களின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. நூறு உண்ணிகளை அரைத்து அதை எடுத்தால், சற்றுமுன் அது தின்ற தேனீயின் வைரஸும் சேர்ந்தே வரும். ஆகவே வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தால் போதாது, பெருகுகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த வைரஸ்கள் பெருகும்போது தம் ஆர்.என்.ஏ.வுக்கு அச்சுப்போல் எதிர் இழை ஒன்றை உருவாக்கும். அதைத் தனியே தேட வேண்டும். கொஞ்சம் அசந்தால் பி.சி.ஆர். பொய்யாகவே 'உண்டு' என்று காட்டும். இன்னொரு தடயம், வைரஸை எதிர்க்க உடல் வெட்டிப்போடும் சிறு ஆர்.என்.ஏ. துண்டுகள். தேனீயில் பெரும்பாலும் 22 எழுத்து நீளம், உண்ணியில் 24. எந்த உயிர் அந்த வைரஸோடு போராடுகிறது என்று அந்த நீளமே காட்டிக்கொடுக்கும்.

அதே ஆர்.என்.ஏ. படுபாடுபடுத்தும். செத்த உண்ணிகளை டப்பாவில் போட்டு பஸ்ஸில் மணிக்கணக்காகக் கொண்டுவந்தால் அது சிதைந்துவிடும். உயிரோடு பிடித்து அப்படியே திரவ நைட்ரஜனில் போட்டு, மைனஸ் 80 டிகிரியில் வைக்க வேண்டும். கையுறை இல்லாமல் தொட்டால் விரலில் உள்ள நொதியே தின்றுவிடும்.

இந்த வைரஸை வளர்த்து உண்ணி மேல் தெளித்துவிடலாமே என்று அவள் கனவு காணலாம். பச்சைக்காய்ப் புழுவுக்கு என்.பி.வி. வைரஸை வயலில் தெளிக்கிறோம்தான். அந்த வைரஸைக் காக்க வெளியே புரதப் பொதி உண்டு, புழுவையும் ஆய்வகத்தில் வளர்க்கலாம். வரோவா தேனீயை விட்டுப் பிரிந்தால் சில நாளில் செத்துவிடும். அதனால் வைரஸ் மருந்து இன்றுவரை கடைக்கு வரவில்லை. ஆள் தேவைப்படுவதும் அதனால்தான். ஆஸ்திரேலியாவில் 2022 ஜூனில் வரோவா நுழைந்தது. 2023 செப்டம்பரில் ஒழிக்கும் முயற்சியையே கைவிட்டு, அதோடு வாழப் பழகுகிறார்கள்.

வழி இதுதான். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. வேளாண்மை நான்கு ஆண்டு; பிளஸ் டூ மதிப்பெண்தான், நீட் இல்லை. பல்கலைக்கழகமே நடத்தும் உறுப்புக் கல்லூரியை விருப்பப் பட்டியலில் முதலில் எழுதுங்கள். தனியார் கல்லூரி என்றால் ஐ.சி.ஏ.ஆர். (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) அங்கீகாரக் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள். பிறகு எம்.எஸ்சி. பூச்சியியல், அதிலே தேனீ. இடம் கிடைக்காவிட்டால் அரசுக் கலைக்கல்லூரியில் விலங்கியல் படிக்கலாம். செலவு குறைவு, ஆனால் வேளாண் அலுவலர் தேர்வு எழுத முடியாது. அந்தக் கதவு மூடும் என்று தெரிந்தே சேருங்கள்.

முனைவர் பட்டம் சொந்தக் காசில் வேண்டவே வேண்டாம். சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தேர்வில் தேறி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000. அது கிடைக்காவிட்டால் எம்.எஸ்சி.யோடு நின்று வேளாண் துறைத் தேர்வுகளுக்குப் படிக்கட்டும். பத்து ஆண்டுப் பயணம் என்பதை அத்தையிடமும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் இரண்டு காரியம். கொட்டினால் மூச்சுத் திணறல் வருமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்; வந்தால் இந்தப் பேச்சை இங்கேயே நிறுத்த வேண்டும். அடுத்து, தாத்தாவின் பெட்டியில் மூடிய ஆண் அறைகளைத் தேடச் சொல்லுங்கள். மூடியின் நடுவே ஊசித்துளை இருக்கும். முள்கரண்டியால் நூறு கூட்டுப்புழுக்களை எடுத்து, வெள்ளை உடலில் பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும் உண்ணிகளை எண்ணி, தேதியோடு நோட்டில் எழுதட்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஆண் அறைகள் இருக்கும் வரை. நான்காவது தடவையும் அலுக்காமல் எண்ணுகிறாளா என்று மட்டும் நீங்கள் பாருங்கள்.